கோபத்துக்கு அறை பார்த்தவர்

சேகர் சார் எனக்குப் போன் செய்யவே மாட்டார். ஒரே கல்லூரியில் இத்தனை வருடமாக வேலை பார்க்கிறோம். எங்களுக்குள் பேச்சு என்றால் அது சண்டையாகத்தான் இருக்கும். சண்டையைப் போனில் போட்டால் எங்கள் இருவருக்குமே திருப்தி வராது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெயரைத் திரையில் பார்த்ததுமே கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தேன். "மேடம், நஸீமா மேடம் போய்ட்டாங்க. ஹார்ட் அட்டாக்குன்றாங்க," என்றார். அதற்குப் பிறகும் வெகு நேரம் இருவரும் போனை வைக்கவில்லை.

புள்ளியியல் ஆசிரியர் நஸீமா மேடத்தை நம் கல்லூரிக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவரிடம் படித்தவர்களும், திட்டு வாங்கியவர்களும், அவருடைய டிபன் பாக்ஸில் கை வைத்தவர்களும் ஆளுக்கொரு கதை வைத்திருப்பீர்கள். என் பங்குக்கு நான் சொல்ல வந்தது எங்கள் புதிர் அணியைப் பற்றி. வருடத்துக்கு ஒரு நாள் கணித மன்றத்து மாணவர்கள் புதிர்ப் போட்டி நடத்துவார்கள். அதில் ஆசிரியர் அணி என்று ஒன்று உண்டு: நஸீமா மேடம், இயற்பியல் சேகர் சார், தமிழ்த் துறையிலிருந்து நான். காலையில் ஒரு கட்டுக் கேள்வித்தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மாலைக்குள் விடை கண்டுபிடித்தாக வேண்டும். அதுவரை உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள, ஒவ்வோர் அணியும் வளாகத்தில் தனக்கென ஓர் அறையை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளலாம்.

முதல் வருடம் எனக்கும் சேகர் சாருக்கும் அதிசயமாக ஒரே அறை பிடித்திருந்தது. மேல் மாடியில், ஜன்னலைத் திறந்தால், ஊரே கிரிவலம் வருகிற எங்கள் மலை முழுசாகத் தெரியும் அறை. நஸீமா மேடம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டார். "மலைய பாத்தா ரெண்டு பேரும் கன்னத்துல போட்டுக்கினு உக்காந்துடுவீங்க. புதிர யாரு போடறது?" என்றார். பிறகு, சத்தம் கம்மியாக இருக்கிறது என்று கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையைப் பிடித்தார். பதினொரு மணிக்குள் எனக்கும் சேகர் சாருக்கும் முட்டிக்கொண்டது. அவர் விருட்டென்று எழுந்தார், கேட்டைத் தாண்டினார், ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். கடைசிக் கேள்வித்தாள் அவர் சட்டைப் பையிலேயே போய்விட்டது. திங்கட்கிழமை அதை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அடியில் விடை எழுதியிருந்தது. விடை சரி.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நான் என்னென்னவோ சொன்னேன். நஸீமா மேடம் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "தப்பு என்னுது. ரூம் தப்பா புடிச்சுட்டேன்," என்றார். "புதிரு யாரு வேணா போட்டுடலாம் மல்லிகா. மூணு பேரு சாயங்காலம் வரைக்கும் ஒண்ணா இருக்கணும், அதான் கஷ்டம். உங்களுக்கு கோவம் ஜாஸ்தி. கோச்சிக்கினு போறதுக்கும் எடம் இருக்கற ரூமா பாக்கணும்."

மறு வருடம் அவர் அறை பார்த்த விதத்தைப் பார்த்தவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். ஒவ்வோர் அறையிலும் எங்களை நிறுத்தி, "எங்க, சண்ட போடுங்க பாக்கலாம்," என்பார். கேட்டவுடன் சண்டை வருமா என்று நான் கேட்பேன். உங்களுக்கா வராது என்று சேகர் சார் சொல்வார். உடனே வந்துவிடும். அவர் கோபத்தில் எந்தக் கதவு வழியாக வெளியேறுகிறார், எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று நஸீமா மேடம் பின்னாலேயே போய்ப் பார்ப்பார். கடைசியில் பழைய கட்டடத்து மாடியில் ஒரு மூலை அறை அவருக்குப் பிடித்தது. நடுவில் முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், அறைக்கு இரண்டு கதவு. ஒரு கதவு வழியாகப் போகிறவர் நேரே நடந்தால் முற்றத்தைச் சுற்றிக்கொண்டு இன்னொரு கதவுக்குத்தான் வந்து சேர வேண்டும். கீழே இறங்கும் படிக்கட்டும் அந்த இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில்தான். அங்கே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். "ஊரே மலைய சுத்துது. நீங்களும் சுத்துங்க. சுத்தறவங்க திரும்பி வந்துதான் ஆவணும்," என்றார்.

அந்த வருடம் சேகர் சார் எத்தனை சுற்று சுற்றினார் என்பது படைத்தவனுக்குத்தான் தெரியும். கடைசிப் புதிர் ஒரு கட்டம் நிறைய எண்கள். கூட்ட வேண்டும் என்று அவர். எழுத்தாக மாற்ற வேண்டும் என்று நான். அவர் ஒரு கதவு வழியாக வெளியேறினார். நஸீமா மேடம் உடனே என்னிடம் பாட்டிலை நீட்டி, "நீ இந்த கதவால போயி தண்ணி புடிச்சுக்கினு வா," என்றார். பாதித் தாழ்வாரம் போன பிறகுதான் பார்த்தேன், பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் இருந்தது. அதற்குள் எதிரே சேகர் சார் வந்துவிட்டார். அறைக்கு நேர் எதிர்மூலை, ஆளரவம் இல்லாத இடம். சண்டை போட்டால் பார்க்க ஒருவரும் இல்லை. முற்றத்தை எட்டிப் பார்த்தார். பிறகு, "கூட்டிட்டு, அப்புறம் எழுத்தா மாத்தினா?" என்றார்.

"அப்ப ரெண்டு பேரும் கரெக்டா சார்?"

"அப்டிதான் இருக்கும் போல. எனக்கே புடிக்கல."

இருவரும் ஓடினோம். ஆமாம், ஓடினோம், பிள்ளைகள் விசில் அடித்தார்கள். விடையைச் சொல்ல வாயெடுத்த எங்களை நஸீமா மேடம் கையமர்த்தினார். "விடை இருக்கட்டும். ரெண்டு பேரும் ஒரே கதவால வந்தீங்களே, அத ஒரு நிமிஷம் பாத்துக்கறேன்," என்றார். அன்று எங்களுக்கு முதல் பரிசு. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதே அறைதான். சில வருடம் ஜெயித்தோம், சில வருடம் மண்ணைக் கவ்வினோம். பாதியில் வீட்டுக்குப் போனவர் யாரும் இல்லை.

துக்கம் கேட்கப் போனபோது அவருடைய கணவர் பஷீர் பாய் எங்களைத் தனியாக அழைத்தார். "பழைய பில்டிங்க ரிப்பேருக்காக பூட்டிட்டாங்களாமே. இந்த வருஷம் இவங்கள எந்த ரூம்ல போடறதுன்னு பொலம்பிக்கினே இருந்தா," என்றார். அழுகையும் சிரிப்பும் அவருக்குச் சேர்ந்தே வந்தன. "வுட்டுடாதீங்க. ரெண்டு பேரும் கலந்துக்கணும்." நாங்கள் தலையாட்டிவிட்டோம். வெளியே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நடுவில் அவர் இல்லாமல் நானும் சேகர் சாரும் ஒரு பகல் முழுக்க ஓர் அறையில். இது நடக்கிற காரியமா?

பெயர் கொடுக்கக் கடைசி நாளான நேற்று, வளாகம் முழுக்க ஏறி இறங்கினோம். புதுக் கட்டடங்கள் எல்லாமே ஒரே மாதிரி: நேர்த் தாழ்வாரம், கோடியில் படிக்கட்டு, இறங்கினால் வாசல். சுற்றி வர வழியே இல்லை. எந்த அறையிலும் சண்டையும் வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கடைசியாகப் பார்த்த அறையில் சேகர் சார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க கோச்சிக்கினு போனா நேரா ரோடுதான் மேடம். ஆட்டோ வாசல்லயே நிக்குது."

"போங்க. நான் பின்னாடியே வந்து கூட்டிக்கினு வரேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீங்க போனா?"

"நீங்க வரணும்."

"நீங்க வேகமா நடப்பீங்களே," என்றார். பிறகு எழுந்து போய் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தார்.

நஸீமா மேடத்திடமிருந்து எனக்குப் புள்ளியியல் ஒட்டவில்லை, பொறுமை சுத்தமாக ஒட்டவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவரைப் போகட்டும் என்று விடாமல், அவர் திரும்பி வர ஒரு வழி பார்த்து வைத்தாரே, அந்த வேலையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். போட்டி வருகிற சனிக்கிழமை. ஓடுவதற்கு வசதியாக நல்ல செருப்பு ஒன்று வாங்கியிருக்கிறேன்.