கொட்டாஞ்சேனையில் வைத்த கையெழுத்து

புதன்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்கு வவுனியாவில் கொழும்பு பஸ் ஏறினேன். இருநூற்று ஐம்பத்துநாலு கிலோமீற்றர், ரிக்கற் ஆயிரத்து நூறு ரூபாய், யன்னல் கரை ஆசனம். நான் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் பேப்பர் வாசித்ததிலும் பஸ்சில் பக்கத்து ஆளோடு கதைத்ததிலும் வந்ததுதான். ஆனால் இந்தப் பயணத்தில் வாய் திறக்கக் கூடாதென்று அக்கா கட்டளை போட்டிருந்தா.

"தர்சிகாவுக்கு வேலை சரிவந்திட்டுது. பிணைக் கையெழுத்து வைக்க நீதான் வரவேணும்" என்று ரெலிபோனில் சொன்னவ, உடனே குரலைத் தாழ்த்தினா. "பிளேனில ஏறி இருக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. நாவூறு பொல்லாதது."

தர்சிகா அக்காவின் ஒரே பிள்ளை. வயது இருபத்துநாலு. விமானி. அத்தான் விட்டுப்போன காணியை விற்று அக்கா அவளைப் படிப்பித்தா. லைசென்ஸ் கையில் கிடைத்து ஒன்றரை வருடம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தாள். நாட்டில் விமானிகள் கூட, விமானங்கள் குறைவு என்றுதான் எல்லாக் கொம்பனியும் பதில் போட்டன.

குருநாகலில் தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். வெறும் தேநீர் அறுபது ரூபாய். பக்கத்து ஆசனத்து அம்மா, மடியில் இரண்டு பலாப்பழத்தோடு வந்தவ, என்னை மேலும் கீழும் பார்த்தா.

"கொழும்பில என்ன அலுவல்?"

"ஒரு சின்ன அலுவல்."

"சின்ன அலுவலுக்கு ஆரும் சேட்டை இப்பிடி அயர்ன் பண்ணிப் போடுவினமோ?"

எனக்கு நாக்குத் துடித்தது. என் மருமகள் விமானம் ஓட்டப் போகிறாள் என்று அந்தப் பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லியிருப்பேன். பலாப்பழத்தின் விலையை மட்டும் விசாரித்துவிட்டு இருந்தேன்.

மதியம் பன்னிரண்டுக்குப் புறக்கோட்டை. அங்கிருந்து காலி வீதி பஸ்சில் வெள்ளவத்தை, அறுபது ரூபாய். "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கண்டக்டர் என்னை முன்னுக்குத் தள்ளித் தள்ளி, கடைசியில் றைவரின் தோளில் கொண்டுபோய் ஒட்டிவிட்டான். அக்கா கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறா. கீழே வந்து என்னைக் கூட்டிக்கொண்டு லிஃப்ற்றில் ஏறும்போது ஒரு பெடியனும் ஏறினான். ஐந்தாம் மாடிப் பிரசாத். அவனும் விமானிதான், வெளிநாட்டில் ஜெட் ஓட்டுகிறவன்.

"அன்ரி, தர்சிகாவுக்கு ஏதும் சரிவந்ததோ?"

"எங்க தம்பி, பார்ப்பம். உமக்கு எப்ப லீவு முடியுது?"

"கெதியில போயிடுவன், அன்ரி."

வீட்டுக்குள் வந்து இதைச் சொன்னபோது தர்சிகா சிரித்தாள். "அவரின்ர லீவு ஏழு மாதமா முடியேல்லை, மாமா. எந்தக் கொம்பனி எண்டு கேட்டால் 'அங்கால பக்கம்' எண்டுதான் சொல்லுவார்."

மேசையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று இரத்மலானையிலிருந்து. பன்னிரண்டு பேர் போகும் சின்ன விமானம் ஓட்டுகிற கொம்பனி. முதல் ஆறு மாதம் தரையில் வேலை: ரிக்கற் பார்ப்பது, பெட்டி நிறுப்பது, ஏற்றுவது. அதற்குப் பிறகுதான் துணை விமானி ஆசனம். மாதம் அறுபதாயிரம் ரூபாய். வியாழன் மதியத்துக்கு முன் பதில் வேண்டும். மற்றது கடல் கடந்த கொம்பனி ஒன்று. ஜெட். பயிற்சியை அவர்களே தருவார்கள். ஐந்து வருடப் பிணை, பிணைக்குத் தொழிலும் வருமானமும் உள்ள நெருங்கிய உறவினர் ஒருவர், அவருடைய கையெழுத்தைச் சமாதான நீதவான் ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குச் சனிக்கிழமை வரை தவணை.

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் பதில் சொல்ல முதல் அக்கா சொன்னா: "பெட்டி தூக்கவோ இவளைப் படிப்பிச்சனான்?"

தர்சிகா இரத்மலானைக் கடிதத்தை மடித்தாள். மடித்ததைத் திருப்பி விரித்தாள். "அங்க இருக்கிறவையை எனக்குத் தெரியும், அம்மா. சம்பளம் சின்னன்தான். ஆனால் பறப்பினம்."

"பிரசாத்தைக் கேட்டுப் பார்க்கலாமே, இந்த வெளிநாட்டுக் கொம்பனி எப்பிடியெண்டு" என்றேன் நான்.

அக்கா என்னை முறைத்தா. "அவனின்ர தாய் காதில விழுந்தால் பின்னேரத்துக்கிடையில ஒழுங்கை முழுக்கத் தெரியும். பிறகு வேலை கைக்கு வந்தமாதிரித்தான்."

வியாழன், காலை பதினொன்று நாற்பது. இரத்மலானைக்கு 'நன்றி, இம்முறை இயலவில்லை' என்று தர்சிகா ஈமெயில் எழுதினாள். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபடி என்னைப் பார்த்தாள். நான் யன்னலால் கடலைப் பார்த்தேன். ஊரில் எல்லாருக்கும் புத்தி சொல்கிற வாய் அந்த நேரம் ஒட்டிப்போயிருந்தது. அவள் அனுப்பிவிட்டாள்.

வெள்ளி, காலை ஒன்பதரை. சமாதான நீதவானிடம் போக ஓட்டோ பிடித்தோம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் இருக்கிறார், நடந்து போனால் நாலு நிமிடம். ஆனால் அவருடைய மனைவியும் அக்காவும் ஒரே கோயில் பஜனைக் குழு. ஆகவே நகரத்தின் மறுகரைக்கு, கொட்டாஞ்சேனைக்கு. பத்துக் கிலோமீற்றர், மீற்றர் ஆயிரத்து நூற்றைம்பது காட்டியது. றைவர் தெமட்டகொடைக்காரர், பாதித் தமிழ் பாதிச் சிங்களம் கதைத்தார். "வெள்ளவத்தையில இல்லாத என்ன சாமான் ஐயா கொட்டாஞ்சேனையில ஈக்குது?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தா.

நீதவான் முந்தி அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவராம். எழுபது வயது இருக்கும். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு சீல். மாடிப்படி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"உக்காருங்க. வெள்ளவத்தைதானே? மூஞ்சியிலயே தெரியுது. அங்க நாலு நீதவான் இருக்காங்க, ஆனா உங்க ஆளுங்க எல்லாரும் சீல் வைக்க இங்கதான் வருவாங்க. கொட்டாஞ்சேனை ஆளுங்க வெள்ளவத்தைக்குப் போறாங்க. ஓட்டோக்காரன் வாழ்றான்."

அந்த மனிதரை எனக்கு உடனே பிடித்துப்போனது. அக்காவும் கொஞ்சம் சிரித்தா. அவர் கண்ணாடியைப் போட்டு ஒப்பந்தத்தின் முதற்பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்லக் கழன்றது. தர்சிகாவின் விலாசத்தைப் பார்த்தார். திரும்பவும் கொம்பனிப் பெயரைப் பார்த்தார். சீலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

"இந்தக் கொம்பனி பேரப் போன மாசம் ஒரு சத்தியக் கடதாசியில பாத்தேன். ஒரு தம்பி வந்தான். பைலட். சம்பளம் இல்ல, லைசென்ஸ அங்க பிடிச்சு வச்சிருக்காங்கன்னு எழுதிக்கிட்டு வந்தான்." கண்ணாடியைக் கழற்றினார். "எந்த வீடுன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா உங்க விலாசத்த நான் ஏற்கெனவே பாத்திருக்கேன். மாடி நம்பர் மட்டும் வேற."

அக்கா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டா. தர்சிகா எழுந்து நின்றுவிட்டாள்.

"யோசிச்சிட்டு வாங்க. நாளைக்குக் காலைலயும் இருப்பேன்" என்றார். காசு வாங்கவில்லை.

திரும்பி வந்து லிஃப்ற்றில் ஏறியதும் தர்சிகா மூன்றை விட்டு ஐந்தை அழுத்தினாள்.

பன்னிரண்டரைக்கு ஐந்தாம் மாடிக் கதவைத் தட்டினோம். பிரசாத் சாரத்தோடு நின்றான், தாய் வேலைக்குப் போயிருந்தா. தர்சிகா ஒப்பந்தத்தை நீட்டினாள். தலைப்பைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"உள்ளுக்கு வாங்கோ."

முதல் மூன்று மாதம் சம்பளம் ஒழுங்காக வந்ததாம். பிறகு பாதி. பிறகு அடுத்த கிழமை, அடுத்த கிழமை. விமானங்களை ஒவ்வொன்றாக ஓரங்கட்டினார்கள். விலகுகிறேன் என்றால் பிணைக்காசு முழுவதையும் கட்டு, அதுவரை லைசென்ஸ் எங்களிடம் என்றார்களாம். விடுமுறை என்று சொல்லி வெறுங்கையோடு வந்தவன்தான்.

"ஏன் தம்பி சொல்லேல்லை?" அக்கா கேட்டா. "முந்தநாள் லிஃப்ற்றில கேட்டனான்தானே, லீவு எப்ப முடியுதெண்டு."

"நீங்களும் சொல்லேல்லையே, அன்ரி. இந்தப் பெயரை ஒருக்கால் உச்சரிச்சிருந்தால் காலில விழுந்தெண்டாலும் மறிச்சிருப்பன்." நிலத்தைப் பார்த்தான். "எனக்குப் பொம்பிளை பார்க்கினம். வேலையில்லாத பைலட் எண்டு தெரிஞ்சால் சாதகக் குறிப்பும் தரமாட்டினம். அம்மா எல்லாருக்கும் லீவு எண்டுதான் சொல்லி வைச்சிருக்கிறா."

ஒரே லிஃப்ற்றில் ஏழு மாதம் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒரு வீடு நல்லதை மறைத்தது, மற்ற வீடு கெட்டதை மறைத்தது. இரண்டும் ஒரே கொம்பனி.

புறப்படும்போது தர்சிகா வாசலில் நின்று ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"அண்ணா, ஜெட்டில எத்தனை மணித்தியாலம் கிடைச்சது?"

"அறுநூற்று நாற்பது."

அவளிடம் மொத்தமாக இருந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கேள்வியின் பாரம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு மணிக்கு இரத்மலானைக்கு ரெலிபோன் எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண் சிங்களத்தில், தங்கச்சி என்று கூப்பிட்டு, அன்பாகத்தான் கதைத்தா: "அய்யோ நங்கி, நேற்றுப் பின்னேரமே அடுத்த ஆளுக்குச் சொல்லியாச்சு. அவ இண்டைக்குக் காலமை வந்து வேலையையும் தொடங்கியிட்டா." அடுத்த தடவை எப்போது என்று தர்சிகா கேட்டாள். சொல்ல முடியாது என்றா. நன்றி சொல்லி வைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

அன்று பின்னேரம் அந்த வீட்டில் கேட்டதெல்லாம் அக்காவின் அழுகைதான். "வேண்டாம் பிள்ளை. கிழிச்சு எறி. வேறை வரும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. தர்சிகா தன் லொக் புக்கை, பறந்த ஒவ்வொரு மணியையும் எழுதிவைத்த கொப்பியை, எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள்.

"கடைசி வரியைப் பாருங்கோ, அம்மா. எப்ப பறந்தனான்? ஒன்றரை வருசம். மேகத்துக்குள்ள கருவியைப் பார்த்து ஓட்டுற அனுமதி இன்னும் ஏழு கிழமையில முடியுது. அது முடிஞ்சால் இரத்மலானையும் என்னைக் கூப்பிடாது. இவ்வளவு கொஞ்ச மணித்தியாலத்தோட போற சீ.வீ.யை ஒருத்தரும் திறந்தும் பார்க்கிறேல்லை."

"ஏமாத்துவாங்கள் எண்டு தெரிஞ்சுகொண்டு போறதோ?" என்றேன்.

"ஓம் மாமா. அவர் தெரியாமல் போனவர். நான் தெரிஞ்சுகொண்டு போறன். அறுநூறு மணித்தியாலம் வரும்வரைக்கும் அவங்கள் பறந்தால் போதும்."

"பறக்காட்டி?"

அவள் சோறு போட எழும்பிப் போனாள்.

சனி, காலை எட்டரை. திரும்பவும் கொட்டாஞ்சேனை. இந்தமுறை அக்கா வரவில்லை. சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தா. நீதவான் எங்களைக் கண்டதும் தர்சிகாவின் முகத்தைப் பார்த்தார். லாச்சியைத் திறந்தார். நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன். எத்தனையோ பேரின் பம்பைப் பார்த்து, இது இனிச் சரிவராது, காசைக் கொட்டாதே என்று முகத்துக்கு நேரே சொன்னவன் நான். அந்தப் பிள்ளை என் முழங்கையை மெல்லத் தொட்டாள். கையெழுத்தை வைத்தேன். என் பெயர் எனக்கே கோணலாகத் தெரிந்தது. நீதவான் சீலை அழுத்தும்போது, "பிள்ள, லைசென்ஸ குடுக்கிறதுக்கு முன்ன பத்துப் பிரதி எடுத்து வச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

புறக்கோட்டைக்கு நடந்தே வந்தோம். பத்தேகாலுக்கு வவுனியா பஸ். அவள் கீழே நின்று யன்னலுக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்தாள்.

"மாமா, ஊரில ஆரும் கேட்டால் நல்லா இருக்கிறாள் எண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன்.

அவள் போய் நாலு மாதம் ஆகிறது. சம்பளம் வந்தது இரண்டு மாதத்துக்கு. பறந்தது எழுபத்தொரு மணித்தியாலம், அதற்குப் பிறகு விமானத்துக்கு உதிரிப்பாகம் வரவில்லை என்று எல்லாரையும் விடுதியில் இருத்தியிருக்கிறார்களாம். லைசென்ஸை முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். இது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். பிரசாத்துக்குக் கேட்காமலே தெரிந்திருக்கும்.

கொழும்பில் மாடிக்கு மாடி கதவு சாத்தியிருக்கும். வவுனியாவில் என் கடைக்குக் கதவே இல்லை, பாதையில் போகிற எல்லாரும் நின்று விசாரிப்பார்கள். நம்முடைய ஊரில் எதையும் மறைக்க முடியாது என்று இவ்வளவு காலமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். வந்த நாளிலிருந்து ஏழெட்டுப் பேர் தர்சிகாவைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். நல்லா இருக்கிறாள் என்று எல்லாருக்கும் சொன்னேன். போன கிழமை பம்பு திருத்த வந்த ஒருவர், தன் மகளையும் விமானி படிக்கச் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். தோட்டக் காணியை எழுதிக் கொடுத்தாயிற்றாம். "எல்லாம் உங்கட மருமகளைப் பார்த்துத்தான் அண்ணை. எப்பிடி இருக்கிறா பிள்ளை?" என்று கேட்டார்.

நல்லா இருக்கிறாள் என்றேன்.