சமிரான் வெட்டிய டயர்

வொனொசோபோ மலைச்சாலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சமிரானுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஒரு காலத்தில் அவன் கை பட்டால் கிழட்டு டயரும் குமரியாகும் என்று பேச்சு. வழுக்கையாகத் தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகப் பள்ளம் வெட்டி, கறுப்புப் பூசிப் பாதி விலைக்கு விற்பான். துணியில் மெழுகால் பத்திக் கோலம் வரைவது போல இருப்பதால் ஊரில் அதற்குப் பத்திக் டயர் என்றே பெயர். பார்வைக்குப் பள்ளம் ஆழமாக இருக்கும். இருப்பதென்னவோ கல்லாக இறுகிய பழைய ரப்பர்தான், ஈரத்தில் பிடிக்காது. கேட்பவர்களிடமெல்லாம் "புதுசு மாதிரி" என்பான். அந்த "மாதிரி"யை மட்டும் மெதுவாகச் சொல்வான்.

மோட்டார் சைக்கிளில் முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றி மலையிறங்கும் லஸ்மிக்கும் அப்படித்தான் ஒன்றை விற்றான். பதிமூன்றாம் நாள் மழையில், ஒரு வளைவில், பின்சக்கரம் வழுக்கி அவள் பள்ளத்தில் விழுந்து செத்தாள். மழை, மூட்டை, விதி என்று ஊர் மூன்று காரணம் சொன்னது. சமிரானின் பெயர் யார் வாயிலும் வரவில்லை. அதுதான் அவனைத் தின்றது.

கத்தியை அன்றே தூக்கிப் போட்டுவிட்டான். ஆனாலும் மழை பெய்த காலைகளில் கடைவாசல் சேற்றில், அவன் வெட்டும் அதே நெளிகோடு பதிந்து கிடக்கும். வாசல் வரை வந்த தடம் இருக்கும். திரும்பிப் போன தடம் இருக்காது. யாரோ வாடிக்கையாளர் வண்டிதான் என்று சொல்லிக்கொண்டே காலால் அழிப்பான். சொன்னதை அவனே நம்பவில்லை.

லஸ்மியின் புருஷன் வாகியோவும் விடவில்லை. ஏழாம் நாள், நாற்பதாம் நாள், நூறாம் நாள் என்று ஒவ்வொரு சடங்கு முடிந்ததும் சாப்பாட்டுப் பெட்டியைத் தானே கொண்டுவந்து கொடுப்பான். ஏதோ கேட்க வந்தவன் போலச் சற்று நின்றுவிட்டுப் போவான். செத்தவளுக்கான சோற்றைக் கொட்டத் துணிவில்லாமல் சமிரான் அழுதுகொண்டே தின்பான்.

ஆயிரமாவது நாள் சடங்கோடு செத்தவர்கள் முழுதாகப் போய்விடுவார்கள் என்பார்கள். அந்த நாளைத்தான் அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அந்தச் சடங்கும் முடிந்த மறுநாள் காலையும் சேற்றில் தடம் கிடந்தது. அழித்து முடிப்பதற்குள் வாகியோ, லஸ்மியின் இருபத்திரண்டு வயது வண்டியைச் சின்ன லாரியில் கொண்டுவந்து இறக்கினான். செப்பனிட்டாயிற்று, டயர் மட்டும்தான் பாக்கி. மகள் ராத்ரி இனி இதில்தான் வேலைக்கு மலையிறங்கப் போகிறாள், நீங்களே பார்த்து எடுத்துக் கொடுங்கள் என்றான்.

இருவரும் எதிரே இருந்த பெரிய டயர் கடைக்குப் போனார்கள். அகலமான டயர் எடுப்பாக இருக்கும் என்று கடைக்காரர் ஆசை காட்டினார். பழைய வண்டியின் ஒடுங்கிய சக்கரத்துக்கு அது ஒத்து வராது என்று சமிரான் ஒதுக்கினான். நெடுநாள் உழைக்கும் கெட்டி ரப்பரும் வேண்டாம். சீக்கிரம் தேய்ந்தாலும் ஈரச் சாலையைக் கவ்வுகிற மெது ரப்பர்தான் வேண்டும் என்றான். பக்கவாட்டில் அச்சிட்டிருந்த, டயர் தயாரான வாரத்தையும் வருடத்தையும் மூன்று முறை படித்தான். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். அவ்வளவு பார்த்தும் மனம் ஆறவில்லை.

திரும்பி வந்து முன்டயரை மாட்டியதும் வாகியோ ஒரு சாக்கைப் பிரித்தான். உள்ளே லஸ்மியின் பின்டயர்.

"பதிமூணு நாள்தான் ஓடிச்சு, அண்ணே. பள்ளமெல்லாம் அப்படியே இருக்கு. பின்னாடி இதையே போட்டுடலாமா?"

பழசாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். ஆயிரம் நாளாக அப்படித்தானே தப்பித்தான்.

"போடக்கூடாது," என்றான் சமிரான். "அது நான் வெட்டினது. உங்க வீட்டம்மா செத்தது அதாலதான்."

வாகியோ சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தெரியும். பாதி விலைன்னு அவளை இங்க அனுப்பினதே நான்தான். சந்தேகப்பட்டுக் கேட்டா. புதுசுதான், ஏறிப் போன்னு சொன்னேன். நீங்க வாயைத் திறந்தா நானும் திறக்கலாம்னுதான் ஒவ்வொரு தடவையும் சோத்தோட வந்து நின்னேன். இதைப் பார்த்தாவது சொல்வீங்களான்னு கொண்டுவந்தேன்."

சமிரானுக்குப் பாரம் பாதி இறங்கியது போலிருந்தது. அப்படி நினைத்ததற்கு உடனே வெட்கப்பட்டான்.

அதற்குள் ராத்ரி வந்துவிட்டாள். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தரையில் கிடந்த டயரைத் தூக்கி நிறுத்தித் தடவினாள்.

"அம்மாவோடதுதானே? இதையே போடுங்களேன். அம்மா கூட வர்ற மாதிரி இருக்கும்."

வாகியோ தலையைக் குனிந்துகொண்டான். சமிரான் அவளிடமிருந்து டயரை வாங்கிக் கீழே போட்டான். தான் வெட்டியது, விற்றது, சொல்லாமல் மறைத்தது எல்லாவற்றையும் சொன்னான். தன் பங்கோடு நிறுத்திக்கொண்டான்.

ராத்ரி குனிந்து அந்த டயரின் பள்ளங்களில் விரலை ஓட்டினாள். பிறகு, "அப்பாவுக்கு இது தெரியுமா?" என்றாள். கேட்டது சமிரானிடம்.

"அவரையே கேளும்மா," என்றான் அவன்.

வாகியோ எழுந்து மகளுக்கு முன்னால் வந்து நின்றான்.