முப்பத்தொரு கிழங்கும் ஒரு பக்கெட்டும்

எங்கள் குடும்பத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ‘தபால்’தான். எனக்குச் சித்தி மகள். அவள் அப்பாவும் என் அப்பாவும் சகலைகள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்துவிட்டு, மாமனார் யாருக்கு அதிகம் பயப்படுகிறார் என்று சாகும்வரை சண்டை போட்டவர்கள்.

முப்பத்து மூன்று வருடம் அவளுக்குத் தபால் ஆபீசில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை. சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக அடித்த மர அலமாரி. அதன் முன்னால் நின்று, இடது கையில் கடிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளுவாள். கடிதம் போய் அதன் கட்டத்தில் உட்காரும். விலாசம் பாதி அழிந்த கடிதமெல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். “இது கண்ணாடிக் கடைக்காரர் மச்சான் கையெழுத்து, மூணாவது தெருவுக்குப் போகணும்” என்பாள். போகும். திரும்பி வந்ததில்லை.

வேலையில் இருந்த காலத்திலேயே வீட்டு முன்னால் லில்லி வளர்க்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு கட்டில் போடுகிற அளவு மண். அதில் சுவர் ஓரம் சிவப்பு, நடுவில் வெள்ளை, வாசல் பக்கம் வெள்ளையில் சிவப்பு வரி ஓடியது. மொத்தம் முப்பத்தொரு கிழங்கு. குச்சி நட்டுச் சீட்டு எழுதி வையேன் என்றால், “எல்லாம் தலையில இருக்குக்கா” என்பாள். பூ முடிந்ததும் இலையை வெட்ட விடமாட்டாள். அடுத்த வருடப் பூவுக்கு அதுதான் சாப்பாடு போடுகிறது என்பாள். இலை தானாகப் பழுத்து விழுந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுவாள். அப்புறம் கொஞ்ச காலம் அங்கே பார்த்தால் வெறும் காய்ந்த மண். கிழங்கு தூங்குகிறது என்பது அவளுக்கும் எனக்கும்தான் தெரியும்.

அவள் மகனுக்குத் தெரியாது. லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், வேறு ஊரில் நாலாவது மாடியில் குடியிருக்கிறான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். அந்த வருடம் அவன் லீவில் வந்தபோது அம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கதவிலேயே சாவி தொங்கியது. பேரன்களில் பெரியவனைச் சின்னவன் என்றாள், சின்னவனைப் பெரியவன் என்றாள். அவன் பயந்துவிட்டான்.

“அம்மா, தனியா இருந்தது போதும். என்கூட வந்துடு.”

“உன் வீட்டுல லிப்ட் இருக்கா?”

“இல்ல.”

“ஊர் லிப்டையெல்லாம் ஓட வைக்கிறவன் வீட்டுக்கு நான் நாலு மாடி ஏறி வரணுமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, “அக்கா, என்னைக் கூட்டிட்டுப் போய்டுவான் போலிருக்கு. அங்க மண்ணே கிடையாது” என்றாள். அவள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மறுநாள் நாங்கள் இருவரும் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா சேற்றில் வழுக்கி விழக்கூடாது என்று அவன் கொத்தனாரை அழைத்துவந்து அந்த மண்ணைக் கொத்தச் சொல்லியிருக்கிறான், கல் பதிக்க. நாங்கள் திரும்பி வந்தபோது கிழங்கெல்லாம் ஒரே பக்கெட்டில். சிவப்பு, வெள்ளை, வரி, எல்லாம் கலந்து.

“காலி இடம்னு நெனச்சேம்மா” என்றான், முகம் செத்துப்போய்.

அவள் திட்டவில்லை. பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன்தான் பேச்சை வளர்த்தான். “இனி எது எந்தப் பூன்னு தெரியாதே. சீட்டு எழுதி வச்சிருக்கலாம்ல. இதுக்குத்தாம்மா சொல்றேன், ஞாபகத்த நம்ப முடியாது.”

“நான் பிரிச்சுட்டா?”

“பிரிச்சுட்டா நான் வாயே திறக்க மாட்டேன். தப்பாச்சுன்னா என்கூட வரணும்.”

“பூ வரட்டும். அப்பப் பேசு.”

மூன்று செய்தித்தாளை விரித்துப்போட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் தடவுவாள், தோலை நகத்தால் சுரண்டுவாள், கையில் தூக்கி எடை பார்ப்பாள். பிறகு கட்டைவிரலால் ஒரு தள்ளு. எனக்கு எல்லாமே வெங்காயமாகத்தான் தெரிந்தது. அரை மணி நேரத்தில் பக்கெட் காலி. கொத்தனார் கல்லைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அவளே மூன்று வரிசையாக, கழுத்து வெளியே தெரிகிற மாதிரி நட்டாள்.

அவள் கை கழுவும்போது, குழாயடியில் உருண்டு கிடந்த ஒரு கிழங்கை மகன் கண்டெடுத்தான். வெள்ளை வரிசைக் கடைசியில் ஒரு குழி பறித்து முழுசாக அமுக்கினான்.

அவள் எட்டிப் பார்த்து, “அது சிவப்பு. சுவர் ஓரமா வை” என்றாள்.

“ஒண்ணுதானேம்மா, இருக்கட்டும்” என்று மண்ணை மூடிவிட்டான்.

இரண்டரை மாதம் கழித்து அவன் திரும்பி வந்தான், கையில் ஒரு காலிப் பெட்டியோடு. அந்தப் பெட்டி யாருடைய துணிக்கு என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நான் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தேன்.

தண்டு தண்டாக நிமிர்ந்து நின்றன. அவன் மெக்கானிக் ஆயிற்றே, ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினான். சுவர் ஓரம் பத்தும் சிவப்பு. வாசல் பக்கம் எட்டும் வரி. நடுவில் பன்னிரண்டு வெள்ளை. கடைசியில், மற்றவை விரிந்து முடிகிற நேரத்துக்குத் தாமதமாக எழுந்த ஒரு தண்டு, அன்றைக்குத்தான் வாய் திறந்திருந்தது. நல்ல ரத்தச் சிவப்பு.

“ஒண்ணு தப்பும்மா” என்றான். சந்தோஷமாகச் சொல்லவில்லை, அதையும் நான் சொல்ல வேண்டும்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “அது ஏன் மத்ததுக்கெல்லாம் பின்னாடி வந்துச்சு?”

“தெரியல.”

“கழுத்தும் மூடப் புதைச்சா மூச்சு விட நேரம் ஆகாதா? நான் அப்படி நடுவேனா? நட்டது யாரு?”

அவன் தண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குழாயடியைப் பார்த்ததும்தான் அவனுக்குப் பொறி தட்டியது.

“நான்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“சிவப்பு, சுவர் ஓரமா வைன்னே.” பிறகு அந்தத் தண்டின் அருகே குனிந்து, “நான்தான் மறந்துட்டேன்” என்றான்.

முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. எங்கள் வழியில் பெரிய படிப்புப் படித்தவர்கள் இருக்கிறார்கள், வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திய மாதிரி அவர்கள் யாருக்காகவும் நிமிர்த்தியதில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தையல்காரி, பால்காரர், எதிரே வந்த எல்லோரையும் நிறுத்திச் சொன்னேன்.

“இப்ப எடுத்து மாத்தி வச்சுடவா?” என்று நான் கிளம்பும் முன்பே அவன் கேட்டான்.

“பூ இருக்கும்போது அசைக்காத. இலை பழுத்து விழட்டும், அப்ப வந்து நீயே மாத்து.” கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு தாய்க்கிழங்கை அசைக்காமல் அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டு குட்டிகளைப் பிரித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். “மாடியில தொட்டியில வை. பல்லு விழுந்தவன்கிட்டக் குடு, அவன் பாத்துக்குவான். பெரியவன்.”

பல் விழுந்தது சின்னவனுக்கு. அது எனக்கும் தெரியும்.

மகன் வாயைத் திறந்தான். சொன்ன சொல் ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டான். அந்தப் பெரிய பெட்டிக்குள் காகிதப் பொட்டலத்தை மட்டும் வைத்துப் பூட்டி எடுத்துக்கொண்டு போனான்.