என் குதிரையை நான் சொல்லவில்லை

அபுதாபிக்கு வரும்வரை நான் குதிரையை ஐயனார் கோயிலில்தான் பார்த்திருந்தேன். அதுவும் மண்குதிரை. தோட்ட வேலை என்று சொல்லித்தான் விசா கொடுத்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேராக முசஃபாவைத் தாண்டி, மணல்காட்டுக்குள் ஒரு லாயத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். "தோட்டம் எங்கங்க?" என்று கேட்டேன். கூட்டிவந்தவன் குதிரை லத்தி அள்ளும் வாளியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அந்த முதல் மாதம் குதிரை தும்மினால் நான் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். இப்போது எட்டு வருடம் ஆகிவிட்டது. எங்களைப் போன்றவர்களை இங்கே சாயிஸ் என்பார்கள். குதிரையைக் குளிப்பாட்டி, தீனி போட்டு, சேணம் கட்டி, காலைத் தடவிப் பார்த்துத் தூங்கவைப்பதுதான் வேலை. பெற்ற பிள்ளையைக்கூட நான் அத்தனை தடவிப் பார்த்ததில்லை.

குதிரையைப் பார்த்து ஜெயிக்குமா தோற்குமா என்று சொல்லும் பழக்கம் எனக்கு எங்கள் கோச் மேடத்தால் வந்தது. வெள்ளைக்காரி. அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் புல்வெளியில் வேலி தாண்டி ஓடும் பந்தயம் நடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் சேணங்கள் வைக்கும் அறையில் உட்கார்ந்து அதை போனில் பார்ப்பார். ஓட்டத்துக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். ஒருநாள் விளையாட்டாக என்னிடம் போனை நீட்டி, "கோன்சா?" என்றார், எது ஜெயிக்கும் என்று. நான் நாலாம் நம்பரைக் காட்டினேன். ஏன் என்று கேட்டார். நல்லாத் தூங்கி எழுந்த குதிரை என்றேன். நாலாம் நம்பர்தான் ஜெயித்தது.

அதற்கப்புறம் வாராவாரம் கேட்டார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துவிட்டது, பொய் சொல்வானேன். நான் மினுமினுப்பைப் பார்ப்பதில்லை. முன்கால் பதிந்த தடத்தைப் பின்கால் தாண்டி விழுகிறதா, காது எந்தப் பக்கம் போகிறது, தொடை இடுக்கில் நுரைத்து வேர்க்கிறதா என்று பார்ப்பேன். சாயிஸோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருகிற குதிரை ஓட்டத்துக்கு முன்னாலேயே பாதி களைத்திருக்கும். அதைக் கழித்துவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை ஒரு பழுப்புக் குதிரையைச் சொன்னேன். அப்படி ஓர் அழகு. நடக்கும்போது இடது முன்காலை மட்டும் ஒரு நொடி அவசரமாக எடுத்து வைத்தது. பார்த்தேன், ஆனால் அழகில் மயங்கிப்போய் அதை விட்டுவிட்டேன். கடைசிக்கு முந்தின வேலியைத் தாண்டி இறங்கியபோது அது முகம் குப்புற விழுந்தது. எழுந்திருக்கவில்லை. நாலைந்து பேர் ஓடிவந்து அதைச் சுற்றிப் பச்சைத் துணியைப் பிடித்தார்கள். துணி எதுக்கு என்று கேட்டேன். மேடம் போனைக் குப்புற வைத்துவிட்டு, போய் வேலையைப் பார் என்றார்.

எங்கள் குதிரை லாரி ஓட்டுகிற யாழ்ப்பாணத்து அண்ணன்தான் விவரம் சொன்னார். "கால் முறிஞ்சா குதிரைக்கு வைத்தியம் இல்லை தம்பி. அதிலேயே ஊசி போட்டுக் கதையை முடிச்சுப்போடுவினம். சனம் பார்க்கக் கூடாதெண்டுதான் துணி." அந்தப் பச்சைத் துணி இன்றுவரை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இங்கே புல்வெளியும் கிடையாது, வேலி தாண்டும் ஓட்டமும் கிடையாது. மணல் போட்ட மைதானத்தில் வண்ணம் அடித்த கட்டைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குதிரையாக வந்து ஒரு கட்டையும் விழாமல், சீக்கிரமாகத் தாண்டி முடிக்க வேண்டும். என் பொறுப்பில் இருந்தது ஒரு செம்மண் நிறக் குதிரை. என் சட்டைப் பையில் பேரீச்சம்பழம் இருக்கிறதா என்று மூக்கை விட்டுத் தேடாமல் அதற்குப் பொழுது விடியாது. முதலாளியின் மகள்தான் அதை ஓட்டுவாள். காலேஜ் படிக்கிற பெண். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லும் பெண். அந்தக் குளிர்காலத்தின் பெரிய போட்டியில் என் குதிரைதான் ஜெயிக்கும் என்று எல்லா லாயத்திலும் பேச்சு.

போட்டி சனிக்கிழமை. புதன்கிழமை காலையில், ராத்திரி கட்டிய கால் துணியைப் பிரித்துவிட்டுத் தடவிப் பார்த்தேன். இடது முன்கால், முழங்காலுக்குக் கீழே பின்பக்க நரம்பு, சூடாக இருந்தது. வலது காலைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. மறுபடி இடது. சந்தேகமே இல்லை.

ஓடிப்போய் மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லாததற்கு ஒரே காரணம் பயம். ராத்திரி கட்டுகிற கால் துணியை இறுக்கிக் கட்டினாலும் அந்த நரம்பு கெடும். துணி கட்டினவன் நான். எனக்கு முன்னால் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்ட நேபாளிக்கு இதே குற்றத்துக்குத்தான் 'கல்லாஸ்' சொன்னார்கள். காலையில் வேலை செய்துகொண்டிருந்தான், சாயங்காலம் பெட்டியோடு வாசலில் நின்றான். அவன் கட்டித்தான் கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. விசா கொடுத்த முதலாளி, அதாவது கஃபீல், தலையாட்டினால் விசா அவ்வளவுதான்.

குழாயைத் திறந்து இருபது நிமிடம் காலில் பச்சைத்தண்ணீர் விட்டேன். சூடு அடங்கிவிட்டது. 'பாத்தியா, ஒண்ணுமில்ல' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று பயிற்சியில் பதினைந்து தடவை தாண்டியது. வியாழக்கிழமை காலையில் மறுபடி சூடு, மறுபடி தண்ணீர், மறுபடி பயிற்சி. வெள்ளியும் அப்படியே. ஒவ்வொரு தடவை அது தாவி இறங்கும்போதும் நான் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து முறிகிற மாதிரி எனக்குப் பட்டப்பகலில் காட்சி வந்தது.

லாரிக்கார அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "உமக்கென்ன விசரே? இதை என்னட்டயும் சொல்லாதையும். நாளைக்கு விசாரிச்சா எனக்கும் தெரியுமெண்டாகும்." சொல்லிவிட்டு லாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவருக்கும் பயம். குற்றம் சொல்ல மாட்டேன்.

சாயிஸ்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முந்தின நாள் மத்தியானச் சாயா நேரத்தில், யார் ஜெயிப்பார்கள் என்று ஒவ்வொருத்தனும் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடுவான். காசு வைத்தால் ஜெயில், அதோடு ஊருக்கு டிக்கெட். அதனால் எங்கள் பந்தயம் ஒரு கராக் சாயாவோடு சரி. மூன்று குதிரை சொல்ல வேண்டும். அதில் ஒரு சட்டம்: முதல் பெயர் உன் குதிரையாகத்தான் இருக்க வேண்டும். உன் குதிரை நொண்டிக் கழுதையாக இருந்தாலும் சரி, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. சோறு போடுகிற குதிரையாயிற்றே.

என் பதிவுக்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை நான் போனை வாயருகே பிடித்தேன். பக்கத்து லாயத்துச் சாம்பல் பெண்குதிரை முதலில், திருப்பங்களில் நேரம் மிச்சம் பிடிக்கும் என்றேன். அடுத்தது கறுப்பு ஆண்குதிரை, பலம் உண்டு ஆனால் கடைசி மூன்று தடையில் அவசரப்படும் என்றேன். மூன்றாவது, ஷார்ஜாவிலிருந்து வரும் குள்ளக் குதிரை, தாவுவதைவிடத் திரும்புவதில் கெட்டிக்காரன் என்றேன். போனைக் கீழே வைத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. என் குதிரையை நான் சொல்லவே இல்லை. பொய் சொல்ல நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். அழிக்கலாம் என்று எடுத்தேன். அதற்குள் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள்.

சாம்பல் குதிரையைப் பார்த்துக்கொள்கிற பாகிஸ்தானி பாய் போன் செய்தார். "க்யா ஹுவா பாய்? உன் குதிரை செத்துப்போச்சா?" என்று சிரித்தார். தீனி வைக்க நேரமாச்சு பாய் என்றேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "அச்சா," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் கோச் மேடம் நேராக என்னிடம் வந்தார். பதிவு அவர் காதுக்கும் போயிருந்தது. "நம்ம குதிரையை ஏன் சொல்லல?" என்று இந்தியும் இங்கிலீஷும் கலந்து கேட்டார். "மறந்துட்டேன் மேடம்" என்றேன். எட்டு வருடத்தில் நான் ஒரு குதிரையின் ஒரு முடியைக்கூட மறந்ததில்லை என்று அவருக்குத் தெரியும். குனிந்து நாலு காலையும் தடவினார். நான் அப்போதுதான் நாலு காலையும் கழுவிக் குழாயை மூடியிருந்தேன். கால் பச்சைத்தண்ணீராக இருந்தது. என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, லாரியில் ஏற்று என்றார்.

மைதானம் வரைக்கும் நான் லாரியின் பின்பக்கத்தில் குதிரையோடு நின்றுகொண்டே போனேன். அது என் சட்டைப் பையை முகர்ந்துகொண்டே வந்தது. 'உனக்குத் தெரியும்லடா, நீயாவது சொல்லேன்டா' என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். முன்னால் அண்ணன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

போட்டிக்கு முன்னால் பக்கத்துச் சின்ன மைதானத்தில் இரண்டு மூன்று தாவல் தாவவிடுவார்கள். முதல் தாவல் சரி. இரண்டாவதில் இறங்கும்போது இடது காலை ஒரு நொடி அவசரமாக எடுத்து வைத்தது. போனில் பார்த்த அதே நொடி. கூட்டத்தில் வேறு யாரும் கவனிக்கவில்லை. அடுத்தது எங்கள் குதிரை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அந்தப் பெண் என்னிடம் ஓட்டிவந்து, கால் கவசத்தைச் சரிசெய், சீக்கிரம், யல்லா என்றாள்.

மண்டியிட்டேன். கவசத்தைக் கழற்றிக் கையை வைத்தேன். கொதித்தது. எனக்குக் கண் முன்னால் மணலே தெரியவில்லை, பச்சைத் துணிதான் தெரிந்தது. கடிவாளத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"மாஃபி ஜம்ப். தாவக் கூடாது, இறங்குங்க."

அவளுக்குப் புரியவில்லை. விடு என்றாள். நான் விடவில்லை. மறுபடி எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எனக்கு என்ன வந்ததோ, தமிழிலேயே கத்திவிட்டேன். "செத்துப்போவீங்கம்மா! இறங்குங்க!" மைதானமே திரும்பிப் பார்த்தது. கோச் மேடம் ஓடிவந்தார். நான் அவர் கையைப் பிடித்து அந்தக் காலின் மேல் வைத்தேன். ஒரு சாயிஸ் செய்யக் கூடாத காரியம் அது. அவர் கையை எடுக்கவே இல்லை. பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் இறங்கினாள்.

டாக்டர் ஸ்கேன் எடுத்தார். நரம்பில் கிழிசல். போட்டியில் தாவியிருந்தால் ஒரேயடியாக அறுந்திருக்கும் என்றார். கோச் மேடம் என்னிடம் எத்தனை நாள் என்று கேட்டார். நான் மூன்று விரலைக் காட்டினேன். அறைவார் என்று நினைத்தேன். கல்லாஸ் என்பார் என்று நினைத்தேன்.

"உன் துணியால் இல்லை, தாவி இறங்கினதில் வந்தது," என்றார். "புதன்கிழமையே சொல்லியிருந்தால் ஒரு மாத ஓய்வு. இப்போது ஒரு வருடம். அதற்கப்புறமும் தாவ முடியாது."

அவ்வளவுதான் சொன்னார். கத்தவில்லை. அன்று சாயங்காலமும் என் வேலை என்னிடமே இருந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, மகளைக் காப்பாற்றினாய் என்று தோளில் தட்டினார். அந்தத் தட்டல் எனக்கு வலித்தது.

போட்டியில் சாம்பல் குதிரை முதலாவது, கறுப்பு இரண்டாவது, குள்ளன் மூன்றாவது. மூன்றும் நான் சொன்ன வரிசையில். பாகிஸ்தானி பாய் கராக் சாயாவை அவரே கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். சாயா ஆறி ஆடை படிந்தது. நான் தொடவில்லை.

குதிரை இன்னும் எங்கள் லாயத்தில்தான் இருக்கிறது. தாவுவதில்லை. நானும் குழுவில் பதிவு போடுவதில்லை. காலையில் அது என் சட்டைப் பையைத் தேடி முடித்ததும், உட்கார்ந்து இடது காலில் கை வைப்பேன். பிறகு எழுந்து, தூரத்தில் வேறு குதிரைகளோடு நிற்கும் கோச் மேடத்துக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்வேன்.

"மேடம், இன்னிக்கு சூடு இல்ல."

அவர் கேட்டதும் இல்லை, சொல்லாதே என்றதும் இல்லை. தினமும் சொல்கிறேன்.