அவசரம் என்றாலே பொய்

என் அக்காவின் கணவரை அவர் ஆபீஸில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வடிகட்டி என்றுதான் சொல்வார்கள். போல்ட், நட்டு, வாஷர் என்று மூட்டை மூட்டையாக விற்கிற கம்பெனி அது. அங்கே இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். கம்பெனிக்கு வருகிற மெயிலில் எது சரக்கு, எது சக்கை என்று பிரித்து, சக்கையைக் கொட்டுவதும் அவர் வேலைதான். ஸ்பாம் என்று யாராவது சொன்னால் போதும், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். எனக்கு அத்தான். நல்ல மனிதர், ஆனால் வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறவள் நான். வாயைத் திறங்க என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். மூடுங்க என்று நான் கெஞ்சியது இவர் ஒருவரிடம்தான்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "பாஸ்வேர்டுல ஒரு பெரிய எழுத்து வேணுமாம், ஒரு நம்பர் வேணுமாம், ஒரு கோணல் குறி வேணுமாம். எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாக்கல" என்பார். முகம் தெரியாதவனின் சண்டைக்குள் புகுந்து ராத்திரி முழுக்கக் கருத்து எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மென்பொருளுக்குக் காப்புரிமை என்று பேப்பரில் ஒரு வரி வந்துவிட்டால் அன்றைக்கு எங்கள் சோறு ஆறிப்போகும்.

"கதவைத் தட்டுறதுக்கு ஒருத்தன் உரிமை வாங்கி வச்சுக்கிட்டான்னு வை. அப்புறம் நாமெல்லாம் சுவரேறித்தான் குதிக்கணும். குதிச்சா திருடன்னு பிடிப்பான்."

"தாராளமா குதிங்க. முதல்ல தட்டைக் கழுவிட்டுக் குதிங்க" என்பாள் அக்கா.

அந்தக் குரலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கரகரப்பான குரல். கோபம் வந்தால் கடைசி எழுத்து தனியாக மேலே ஏறி நிற்கும். அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். "பிரேக், பிரேக், அட பிரேக்குங்க!" என்று அவள் போடும் சத்தத்துக்குத் தெருவில் நடந்து போகிறவனே நின்றுவிடுவான். வீட்டில் அத்தான் எதையாவது சொதப்பினால் "வடிகட்டின முட்டாள்!" என்று ஒரு இழு இழுப்பாள். அவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. "பாத்தியா, பட்டப் பேரைக்கூட விட்டுக்கொடுக்காம திட்டுறா" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும், உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா அழவில்லை. "அப்ப இவரை யாரு திட்டுறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அழுததெல்லாம் நாங்கள்தான்.

அத்தான் ஊர் உலகமெல்லாம் தேடி ஒரு சின்ன கம்பெனியைக் கண்டுபிடித்தார். ஆபரேஷனுக்கு முன்னால் அவர்கள் கொடுக்கிற வாக்கியங்களை நாம் மைக்கில் படித்து அனுப்ப வேண்டும். அதை வைத்து அவர்கள் நம் குரலைக் கட்டி வைத்துக்கொள்வார்கள். பிறகு போனில் எதைத் தட்டினாலும் அது நம் குரலிலேயே பேசும். எதிரொலி வரக் கூடாதென்று துணி அலமாரிக்குள் ஸ்டூலைப் போட்டு அக்காவை உட்காரவைத்தார். சட்டைகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே தலையை நீட்டி, தொண்டை வலியோடு, 'நாளை மழை பெய்யலாம்', 'பச்சைப் பெட்டி மேஜையின் மேல் உள்ளது' என்று அவள் படித்துக்கொண்டே இருந்தாள். பதிவு எல்லாம் நேராக அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. நம் கையில் பிரதி எதுவும் நிற்காது. அதற்கு அத்தான் அவர்களோடு சண்டை போட்டார். அது அவர்கள் வழக்கம், மாற்ற முடியாது என்றார்கள். ஆபரேஷன் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்று விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அக்கா முதன்முதலாகப் போனில் தட்டியது, "ஏங்க, ஃபேனைக் குறைங்க" என்று. அவள் குரல்தான். கொஞ்சம் தூங்கி எழுந்தவள் மாதிரி இருந்தது, ஆனால் அவளேதான். அத்தான் ஃபேனைக் குறைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். கொஞ்ச நாளில் அக்கா வேலைக்கும் திரும்பிவிட்டாள். அத்தான் போனை டாஷ்போர்டில் ஒட்டி, 'பிரேக்' என்று ஒரு பெரிய சிவப்புப் பொத்தான் வைத்துக் கொடுத்திருந்தார். ஒரு தட்டு தட்டினால் அதே அலறல். தெரு மறுபடியும் நின்றது.

அந்த மெயில் வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தான் போனைத் தூக்கிப் பிடித்து, நாடகத்து ராஜா மாதிரி வாசித்தார். "அன்புள்ள வாடிக்கையாளரே! அவசரம்! எங்கள் சேவை நிறுத்தப்படுகிறது. உங்கள் குரல் நிரந்தரமாக அழிக்கப்படும். அதற்கு முன் கீழே உள்ள சுட்டியை அழுத்தி, பாஸ்வேர்டைக் கொடுத்து, குரலை இறக்கிக்கொள்ளவும்."

"எல்லா லட்சணமும் அச்சு அசலாப் பொருந்தியிருக்கு பாரு! நம்ம பேரு இல்ல. பயமுறுத்தல் இருக்கு. அவசரம் இருக்கு. பாஸ்வேர்டு கேக்குறான். அனுப்புன விலாசம்கூட அந்தக் கம்பெனி விலாசம் இல்ல, வேற எதோ வக்கீல் ஆபீஸ் பேரு. வியாதிக்காரங்ககிட்டகூடக் கைவரிசையைக் காட்டுறானுங்க, பாவிங்க."

அக்கா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் போனில் தட்டினாள். அவள் குரல் கேட்டது: "ஒருவேளை நிஜமா இருந்தா?"

"அட நீ வேற. ஏமாத்துறவன்தான் அவசரப்படுத்துவான். நிஜமானவன் காத்திருப்பான். அவசரம்னாலே பொய்."

"ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"ஸ்பாமுக்குப் போன் போட்டுக் கேட்டேன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா என் மானம் கப்பலேறிடும்" என்று சிரித்தார். அழித்தார். அந்த விலாசத்திலிருந்து இனி எதுவுமே வரக் கூடாது என்று தடையும் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பாம்பை அடித்துப் போட்டவன் மாதிரி. மறுநாள் ஆபீஸில் டீ வேளையில் அதை ஒப்பித்துக் காட்டியதாகவும், எல்லாரும் கைதட்டியதாகவும் அவரே சொன்னார்.

அப்புறம் ஒரு காலை. அக்கா ஒரு பேக்கரிக்காரருக்கு வண்டி கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். சந்திப்பில் சிவப்பு விழுந்தது, மனிதர் நிறுத்தவில்லை. அக்கா பொத்தானைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. மறுபடி தட்டினாள். அவள் காலடியிலும் ஒரு பிரேக் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. பேக்கரிக்காரர்தான் பயந்துபோய், "ஏன் டீச்சர் ஒண்ணும் சொல்லல? ஏன் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். அக்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்து, அத்தான் முன்னால் போனை நீட்டினாள். 'குரல் கிடைக்கவில்லை' என்று திரையில் ஒரே ஒரு வரி.

அந்தக் கம்பெனியின் தளத்தில் ஒரு பக்கம்தான் மிச்சமிருந்தது. எழுதியதை ஒருவரின் சொந்தக் குரலில் பேசவைக்கும் முறைக்கு வேறொரு பெரிய கம்பெனி காப்புரிமை வைத்திருக்கிறது. வழக்கு நடந்தது, தோற்றுவிட்டோம். சேவையை நிறுத்தி, சேர்த்து வைத்த குரல்களை அழிக்க வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் பலமுறை அறிவித்திருந்தோம். மன்னிக்கவும்.

அத்தான் எப்படியோ அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் நம்பரைப் பிடித்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

"அழிக்கணும்னு தீர்ப்பு சார். எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. எங்க வக்கீல் ஆபீஸ் மூலமா எத்தனை தடவை மெயில் போட்டோம் சார்! மத்தவங்க எல்லாம் எடுத்துக்கிட்டாங்களே. உங்களுக்குப் போட்டது மட்டும் திரும்பித் திரும்பி வந்துச்சு." அந்தப் பெண்ணும் அழ ஆரம்பித்துவிட்டாள். "ஏன் சார் திருப்பி அனுப்பினீங்க?"

அத்தான் போனை வைத்துவிட்டார். காப்புரிமை என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் சோறு ஆறும் வரை பேசுகிற மனிதர், அன்றைக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான்தான் கத்தினேன். "அலமாரிக்குள்ள உட்கார்ந்து தொண்டை கிழியப் படிச்சவ எங்க அக்கா. அது எப்படி அடுத்தவன் சொத்தாகும்? அவன் நல்லா இருப்பானா?" அதோடு நிறுத்தியிருக்கலாம். என் நாக்கு எனக்கு அடங்காது. "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணீங்களே அத்தான், ஒரு போன், ஒரே ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா? அவதான் வாய்விட்டுக் கேட்டாளே!" என்றேன். அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். என்னை வெளியே போ என்று கையைக் காட்டினாள்.

அக்கா சண்டை போட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவளோ ஒரு சிலேட்டில் 'விடுங்க' என்று எழுதிக் காட்டினாள். அவர் விடவில்லை. வேறு ஒரு செயலியைக் கொண்டுவந்து போட்டார். அதில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண் குரல். அக்கா எதையோ தட்ட, அது "என்னங்க, தேநீர் அருந்துகிறீர்களா?" என்று கணீரென்று கேட்டது. அக்கா போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிலேட்டை எடுத்தாள். 'இவ யாரு நம்ம வீட்டுல?'

அவரைச் சிரிக்கவைக்க வேண்டும் என்று ஒரு நாள் சிலேட்டு முழுக்க 'வடிகட்டின முட்டாள்' என்று எழுதிக் காட்டினாள். பாவம், அவள் நல்லதுக்குத்தான் செய்தாள். அவர் அந்தச் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். இனிமேல் அதை இழுத்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? கார் பள்ளிக்காரர் அக்காவை ஆபீஸில் உட்காரவைத்துவிட்டார். ஓட்டக் கற்பவன் சாலையைப் பார்ப்பானா, சிலேட்டைப் பார்ப்பானா என்று அவர் கேட்டது நியாயம்தான். நியாயமாக இருந்தால் வயிறு எரியாதா என்ன?

அத்தான் ஆபீஸில் ஸ்பாமை வடிகட்டுவதையே நிறுத்திவிட்டார். லாட்டரி, மூட்டுவலித் தைலம், ஒரே மாதத்தில் பணக்காரர் ஆவது எப்படி என்று எல்லாக் கண்றாவியும் எல்லார் பெட்டியிலும் கொட்டியது. மேனேஜர் கேட்டதற்கு, "ஒண்ணு நிஜமா இருந்தா என்ன சார் பண்றது?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு மெயிலையும் திறந்து, கடைசி வரி வரைக்கும் படித்து, 'நீங்கள் உண்மையிலேயே இருக்கிறீர்களா?' என்று பதில் வேறு எழுதிக்கொண்டிருந்தாராம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. அந்த வேலையை அவரிடமிருந்து வாங்கி இன்னொருவரிடம் கொடுத்தார்கள். இப்போது அவர் பிரிண்டருக்கு மை மாற்றுகிறார். யாரும் வடிகட்டி என்று கூப்பிடுவதில்லை.

அக்காவுக்குப் போன் பேசத்தான் பிடிக்கும், பதிவு பண்ணினால் பிடிக்காது. எங்கே தேடியும் அவள் குரல் எங்களிடம் இல்லை. கடைசியில் உடைந்துபோன என் பழைய போன் ஒன்றைச் சரிபண்ணிப் பார்த்தபோது ஒரு சின்ன வீடியோ கிடைத்தது. பல வருஷத்துக்கு முந்தியது. அத்தானைக் கிண்டல் பண்ணுவதற்காக, அவருக்கு வந்த ஒரு ஸ்பாமை அக்கா எடுத்து வாசிக்கிறாள். மூக்கை உறிஞ்சி, அழுகிற மாதிரி நடித்துக்கொண்டு.

"அன்பானவரே, நான் மரணப் படுக்கையில் இருக்கும் பெண். எனக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லை. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்..." அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல், "ஏங்க, பாவம்ங்க. ஒரு பதில் போடுங்களேன்!" என்று கடைசி எழுத்தை மேலே ஏற்றுகிறாள். உடனே பக்கத்திலிருந்து அத்தானின் குரல்: "அழிச்சுத் தள்ளு, அழிச்சுத் தள்ளு."

கொடுக்கலாமா வேண்டாமா என்று தவித்துவிட்டுத்தான் கொடுத்தேன். உலகத்தில் மிஞ்சியிருந்த அவள் குரல் அவ்வளவுதான், அதை நான் எப்படி மறைத்து வைப்பேன்?

போன வாரம் போயிருந்தேன். அத்தான் ஜன்னலோரத்தில் என் பழைய போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் குரல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்துகிறார். மறுபடி முதலிலிருந்து ஓடவிடுகிறார். 'ஒரு பதில் போடுங்களேன்.' நிறுத்துகிறார்.

"போடறேம்மா. இதோ போடறேன்" என்றார் போனிடம்.

அக்கா சமையலறையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். கையில் இரண்டு டம்ளர். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, அவரைக் கூப்பிடக் கதவில் விரலால் தட்டினாள். இப்போதெல்லாம் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். அவர் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "போடறேம்மா, கோச்சுக்காத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

 அக்கா டம்ளரை அவர் பக்கத்தில் சத்தம் வராமல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.