முனீஸ்வரருக்கு வைத்த ஒரு பிடிச் சோறு

கோலா பிலாவை அடுத்த ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே ரப்பர் மரங்களில் பால் வெட்டி, சென்ற ஆண்டு எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் அம்மாவுக்கு இன்று முதலாண்டுப் படையல். அம்மாவைச் சாந்தமானவர் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து அடிப்பார். கோபக்காரர். அந்தக் கோபத்தால்தான் நாங்கள் ஒரு குடும்பமாக மிஞ்சினோம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் அறிவித்திருந்தபோது, எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஒரு பருக்கை வெளியே போகக் கூடாது. எனக்கு அப்போது ஐந்து வயது. கடுங்காய்ச்சலில் கிடந்த என்னைக் காப்பாற்றினால் படையல் வைப்பதாக அம்மா முனீஸ்வரருக்கு நேர்ந்திருந்தார். நான் பிழைத்துவிட்டேன். முனீஸ்வரரோ வேலிக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவே கல்லாக நின்றிருந்தார். சாமிக்குக் கொடுத்த வாக்கை அம்மா மீறுவாரா? ஒரு பிடிச் சோற்றைத் தலைத்துணிக்குள் முடிந்து கொண்டுபோய், இலை போட்டுப் படைத்துவிட்டார்.

அன்று மாலையே காவலர்கள் சோற்றைக் கண்டுபிடித்தார்கள். லயத்துக்கு வந்து யார் வைத்தது என்று கேட்டபோது, அம்மா வாய் திறப்பதற்குள் அப்பா "நான்தான்" என்று முன்னால் போய் நின்றார். கொண்டுபோய்விட்டார்கள். அப்பா தமிழ்நாட்டில் பிறந்தவர். கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று லயமெங்கும் பேச்சு.

மறுநாள் காலை அம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனார். வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி உள்ளே விசாரணைக்கு உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் எழுத்தரான கிராணி ஐயா வாசலிலேயே மறித்தார்.

"பேசாம வூட்டுக்குப் போம்மா. நீயும் மாட்டிக்குவ."

"மாட்டுனா மாட்டிட்டுப் போறேன். சோறு வச்சது நான். அப்படியே தொரைக்கிட்டச் சொல்லுங்க."

கிராணி ஐயா உள்ளே அழைத்துப்போய் மொழிபெயர்த்துச் சொல்ல, உன்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்று அதிகாரி மிரட்டினார்.

"எந்த ஊருக்கு? நான் பொறந்ததே இந்த லயத்துலதான். எங்க அனுப்புவாருன்னு கேளுங்க ஐயா."

கிராணி ஐயா அதையும் மொழிபெயர்த்தார். அம்மா அதோடு விடவில்லை. அதிகாரியைக் கல்லுக்கே அழைத்துப்போய், எலுமிச்சம்பழத்தையும் சூடம் எரிந்த கரியையும் சுருட்டையும் காட்டினார். "காட்டுல ஒளிஞ்சிருக்கறவனுக்குச் சூடம் எதுக்கு?"

அப்பா அன்றே வீடு வந்தார். சோறு கொண்டுபோன குற்றத்துக்காக அம்மாவை இரண்டு வாரம் அடைத்துவைத்தார்கள். திரும்பி வந்தவர் அழவில்லை, அப்பாவைத்தான் திட்டினார்: "பொய் சொல்றதுன்னா முழுசா சொல்லணும். எந்த எலையில வச்சேன்னு கேட்டதுக்கு முழிச்சிக்கிட்டு நின்னீங்களாமே." மறுநாள் விடியற்காலையில் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். அந்தக் கைகளால் பால் வெட்டித்தான் எங்கள் ஐந்து பேரையும் படிக்க வைத்தார்கள். இந்த அம்மாவின் மகள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் பெருமைதான்.

அன்று அம்மாவின் பேச்சைத் துணிந்து மொழிபெயர்த்த கிராணி ஐயாவின் பிள்ளைகளுக்கும், கடைசி நாட்களில் அம்மாவின் திட்டுகளையும் வாங்கிக்கொண்டு அவரைத் தூக்கிக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டாருக்கும், பகாவிலிருந்தும் போர்டிக்சனிலிருந்தும் வந்திருக்கும் உறவுகளுக்கும் எங்கள் நன்றி. படையல் முடிந்து எல்லாரும் வயிறாரச் சாப்பிடுங்கள். போகும்போது ஆளுக்கொரு பொட்டலம் சோறு எடுத்துச் செல்லுங்கள். வாசலில் யாரும் சோதிக்க மாட்டார்கள்.