சுவருக்கு அப்பால் ஒரு செவி

1958ஆம் ஆண்டு, மாதுளை வெடிக்கும் இலையுதிர்காலத்தில் ஹெராத் நகரின் சூஃபி மடத்துக்குப் பீராக, அதாவது ஞானகுருவாக, பொறுப்பேற்ற மீர் ஃபசீஹ், சமையற்காரர் பராத்தை முதன்முதலில் பகைவராகவே சந்தித்தார்.

வியாழக்கிழமைதோறும் பீர் ஞானக் கதை சொல்வார். கதை முற்றி, உட்பொருள் வெளிப்படும் தறுவாயில், சுவருக்கு அப்பால் பராத் பலாவ் சோறு வெந்த தேக்சாவின் மூடியைத் திறப்பார். நாற்பது சீடர்களின் மூக்குகளும் ஒருசேரச் சமையற்கட்டின் பக்கம் திரும்பும்.

"போன வாரக் கதையில என்னப்பா தெரிஞ்சுக்கிட்டே?" என்று நெசவாளர் குர்பானிடம் பீர் ஒருமுறை கேட்டார்.

"கேரட்டு கொஞ்சம் கம்மிங்க, பீர் சாஹிப்."

தாம் சொன்னது ஒருவர் நெஞ்சிலாவது தங்கியதா என்னும் கவலை பீரை அரித்தது. நேரே சமையற்கட்டுக்குள் நுழைந்தார்.

"பராத் உஸ்தா, கால் மணி நேரம் கழிச்சுத் தொறந்தா என்ன?"

"தொறக்கலாமே! அப்புறம் சோத்தைப் பல்லு முளைக்காத பிள்ளைங்களுக்குத்தான் ஊட்டணும்."

"என் கதையோட முடிவு ஒருத்தர் காதுலயும் விழலையே, ஐயா!"

"ஏன், என் காது காது இல்லையா? ஆவி அடங்குற வரைக்கும் சுவத்துல காதை வச்சுக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன். போன வாரம், கடைசியில பாதுஷாவே தயிர்ப் பானையைத் தலையில சுமந்துக்கிட்டுப் போனாரு, மனசு லேசாச்சு. சரிதானே?"

பீருக்கு உச்சி குளிர்ந்தது. பராத்தைக் கட்டித் தழுவியதில் அவருடைய வெள்ளை அங்கி முழுவதும் ஆட்டுக்கொழுப்பு ஆயிற்று. அன்றுமுதல் கதையின் முடிவைச் சீடர்களை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தே உரக்கச் சொன்னார்.

பராத்தோ அம்முடிவுகளைக் கடைத்தெருவெங்கும் வாரி இறைத்தார். எலும்பை நிறுத்துக் கொடுத்த கசாப்புக்காரரிடம், "பாதுஷாவே பானை சுமந்தாரு, உனக்கென்னடா?" என்பார். ஒன்றும் விளங்காத கசாப்புக்காரர், இதில் ஏதோ பெரிய ஞானம் இருக்கிறது என்று அஞ்சி, நல்ல கறியாகப் பார்த்து மாற்றிக் கொடுப்பார்.

பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. நெஞ்சுச் சளியால் பராத் படுக்கையில் விழுந்தார். பீர் அருகில் அமர்ந்து, "என்ன வேணும், உஸ்தா? ஹகீமைக் கூப்பிட்டு மருந்து வாங்கவா?" என்றார்.

"ஹகீம் கிடக்கட்டும். கேட்டாச் சிரிக்கக் கூடாது. கதையோட முதல் பாதியெல்லாம் வெங்காயம் பொரியற சத்தத்துல போயிடுச்சு. அந்தப் பாதுஷா எதுக்குங்க தயிர்ப் பானையைத் தூக்கினாரு? ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க, பீர் சாஹிப். இன்னிக்கு எனக்கு வேற வேலை இல்லை."